குக்கர் அண்ணன் லீவுல இருந்த வாரம்

...ஆறாவது தடவை அக்கா, ஆறாவது தடவை. நேத்து சாயங்காலம் நான் கிளம்பும்போது குடுவைத் தண்ணி ரோஸ் கலர்ல தெளிவா இருந்துச்சு. காலைல கதவைத் திறந்து பாக்குறேன், நாலு குடுவையும் மஞ்சள். கலங்கிப் போய், அரிசி கழுவின தண்ணி மாதிரி. இந்தாங்க, இதைக் கொஞ்சம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஆட்டினா அடியிலேருந்து புகை மாதிரி கிளம்புதா? அத்தனையும் கிருமி. அதுல வளந்த என் உயிர்ச் செல்லுங்க எல்லாம் செத்து மிதக்குது. நாப்பது நாள் வளத்தது.

என்ன? பாட்டிலா? பாட்டில் இங்கதான் எடுத்தேன், இந்த அலமாரியில, ரெண்டாவது தட்டுல. குக்கர் அண்ணன் கழுவி வெச்சுட்டுப் போனது இன்னும் தீரல, அதுல ஒண்ணாதான் இருக்கும்... எந்த லேபிள்? இதுவா? போன திங்கக்கிழமை தேதி போட்டிருக்கு. இது உங்க கையெழுத்தா? ...சரி, சரி. நான் உங்களைச் சொல்லல. யாரையும் சொல்லல, பொதுவா சொன்னேன். அதுக்குள்ள புருவத்தைத் தூக்குறீங்க. மாஸ்க் போட்டிருந்தா மூஞ்சி தெரியாதுன்னு நெனைக்காதீங்க, புருவம் நல்லாவே தெரியுது.

நீங்க பாட்டுக்குக் கழுவுங்க, கழுவிக்கிட்டே கேளுங்க. நான் வேலை பாக்கற கண்ணாடிக் கேபினெட்ல, கிருமி சாக, ஊதா விளக்கு இன்னும் இருபது நிமிஷம் எரியணும், அது அணையற வரைக்கும் உள்ள கை வைக்கக் கூடாது. அப்புறம் மூணு மணிக்கு மேல் மாடி போகணும். டைரக்டர் ரூம்ல.

செல்லு வளக்கறதுன்னா என்னன்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டு புதுசு ஊத்தணும். ஞாயித்துக்கிழமை கிடையாது, காய்ச்சல் தலைவலி கிடையாது. ஊத்தறப்போ கை நடுங்கக் கூடாது. மூடியைக் கவுத்து வைக்கக் கூடாது. பச்சைக் குழந்தை கூட பசிச்சா அழும், இதுங்க அழறதும் இல்ல, சிரிக்கறதும் இல்ல. பேசாம சாகும். ஆறு மணி நேரம் அந்தக் கண்ணாடிக்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். பக்கத்துல ஈ காக்கா இருக்காது.

ஆனா வீட்ல கேட்டுப் பாருங்க. நான் இந்தப் படிப்புல சேர்ந்தன்னைக்கே எங்க பெரியப்பா தெரு பூரா சொல்லிட்டாரு, தம்பி பொண்ணு டாக்டராகப் போறான்னு. டாக்டர் இல்ல பெரியப்பா, இது ஆராய்ச்சி பெரியப்பான்னா, அதாம்மா, பெரிய டாக்டர்ங்கறாரு. போன மாசம் ஒரு கல்யாணத்துல எங்க அத்தை, அப்பாவோட ஒண்ணு விட்ட தங்கச்சி, பந்தியில பக்கத்துல உக்காந்து புடவையை ஏத்தி முழங்காலைக் காட்டறாங்க. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க அக்கா. என்னடி வீக்கம் இது, நீ படிச்சவதானே சொல்லேன்னு. நான் என்ன சொல்றது? அஞ்சு வருஷத்துல ஒரு முழு மனுஷனைப் பாத்ததே இல்ல அத்தை, செல்லு செல்லாத்தான் பாத்திருக்கேன்னு சொன்னேன். அவங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்டாங்க. டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல, ஒரு கம்பவுண்டருக்கு இருக்கற மரியாதை கூட இல்ல. என்கூடப் படிச்சவளுக ரெண்டாவது குழந்தைக்குப் பேர் தேடிக்கிட்டு இருக்காளுக, நான் குடுவைக்கு நம்பர் போட்டுக்கிட்டு இருக்கேன்.

எதுக்கு வந்தேன்... ஆங், குக்கர் அண்ணன். அவரு பேரு வேற என்னமோ, ரெஜிஸ்டர்ல இருக்கும். பாட்டிலை ஆவியில வேக வெச்சுக் கிருமியைக் கொல்ற அந்த ஆளுயர குக்கர் இருக்குல்ல, இப்ப நீங்க பாட்டில் அடுக்கிக்கிட்டு இருக்கீங்களே, இருபத்திரண்டு வருஷமா அவரு அதை ஓட்டினதால இந்த மாடியில எல்லாருக்கும் அவரு குக்கர் அண்ணன். ஆவி வந்ததும் காதை அதுகிட்ட வெச்சுக் கேட்டுட்டு, இன்னும் நாலு நிமிஷம்பாரு. மீட்டரைப் பாருங்கண்ணா, காது எதுக்குன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். அந்தக் கிண்டலுக்கெல்லாம் கோவிக்க மாட்டாரு.

எனக்கு நாலு மாசமா குடுவை கெட்டுக்கிட்டே இருந்துச்சா... நான் என்ன சும்மாவா இருந்தேன்? படிச்சவ இல்ல? ஒண்ணு ஒண்ணா சோதிச்சேன். புது மருந்து வாங்கிப் பாத்தேன். வேற அலமாரியில வெச்சுப் பாத்தேன். ஏசியை நிறுத்திட்டு வேர்த்து ஊத்த வேலை பாத்தேன். ஒண்ணும் வழிக்கு வரல. அப்புறம் ஒரு நாள் நோட்டைப் புரட்டறப்பதான் பளிச்சுனு தெரிஞ்சுது. அண்ணன் ஒரு வாரம் லீவு போட்டிருந்தாரு, மக பிரசவத்துக்கு. அந்த ஒரு வாரம், அக்கா, என் குடுவை ஒண்ணு கூடக் கெடல. ஏழு நாளும் ரோஸ். அவரு திங்கக்கிழமை வேலைக்கு வந்தாரு, புதன்கிழமை மஞ்சள். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பாட்டில் சரியா வேகல, அரைவேக்காட்டுல இறக்கறாரு, காதை வெச்சுக் கேட்டா இப்படித்தான் ஆகும்னு முடிவு பண்ணிட்டேன். கலர் கலரா கிராஃப் போட்டு, புகாரும் எழுதி, என் கைடு சார்கிட்ட குடுத்துட்டேன்.

என்ன கேட்டீங்க? அந்த வாரம் பாட்டில் யாரு கழுவினதா?

...அது வந்து... அவரு லீவுக்கு முன்னாடியே கழுவி, வேக வெச்சு, தேதி போட்டு அடுக்கிட்டுப் போனதுதான். ஒரு வாரத்துக்கு வேணுங்கறதை. ஆமா. அவரு பாட்டில்தான். ...நீங்க பேசாம இருந்து பேசாம இருந்து, கேட்டா ஒரே கேள்விதான் கேக்குறீங்க. என் சார் கூட இதைக் கேக்கல. அவரு வேற கேட்டாரு. மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, அந்த வாரத்துல வேற எதுவும் மாறலியாம்மான்னாரு. ஒண்ணும் மாறல சார்னேன். மாறலன்னுதான் அக்கா நெனைச்சேன், சத்தியமா.

சார் எனக்காக மேல பேசி, இவ தப்பு இல்ல, ஊழியர் கவனக்குறைவுன்னு எழுதி, ஆய்வேட்டுக்கு ஆறு மாசம் கூடுதலா வாங்கிக் குடுத்தாரு. அண்ணனை எலிக்கூடத்துக்கு மாத்தினாங்க, அங்க இருந்த உங்களை இங்க கொண்டுவந்தாங்க. உங்களுக்கு லாபந்தானே? அங்க என்ன இருக்கு, தொள்ளாயிரம் எலி. கூண்டு கழுவணும், மரத்தூள் மாத்தணும். உங்க கையில இது என்ன, எலி கடிச்ச தழும்பா? இத்தனையா?

நான் போன வாரம் அங்க ஒரு வேலையா போனேன். அண்ணனைப் பாத்தேன். பாத்தேன்னா, நின்னு பேசல, தூரத்துலேருந்து பாத்தேன். கண்ணு ரெண்டும் வீங்கி, இங்க பாருங்க, இவ்வளவு வீங்கி... எலி முடியும் அந்தத் தூளும் சிலருக்கு ஆகாது, அது எங்களுக்குப் பாடத்துலயே இருக்கு, நான் பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேன். அவரு தும்மறாரு, கூண்டைத் தூக்கறாரு, தும்மறாரு. என்னைப் பாத்துட்டு என்ன பாப்பா, செல்லெல்லாம் நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு. இருக்காங்கண்ணான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு நாலு குடுவை கெட்டிருந்துச்சு.

இன்னைக்கு மூணு மணிக்கு அதான். இதுவரைக்கும் அது தற்காலிக மாறுதல். நான் போய், புகார்ல உறுதியா இருக்கேன்னு ஒரு வரிக்குக் கீழ கையெழுத்துப் போட்டா அது நிரந்தரம். அவரு ரிட்டையர் ஆகற வரைக்கும் எலிங்களோடதான். நீங்களும் ரிட்டையர் ஆகற வரைக்கும் இங்கதான். ஒரு கையெழுத்து. பேனாவைக் கூட அவங்களே குடுப்பாங்க.

மணி என்ன? ரெண்டு முப்பத்தஞ்சா? அந்தக் கடிகாரம் வேகமா ஓடும்.

நீங்க அந்தக் குழாயைக் கொஞ்சம் மூடுங்களேன். சத்தத்துல பேசவே முடியல... நான் ஏன் இவ்வளவு பேசறேன்னு கேக்க மாட்டீங்களா? வேற யாராவது இருந்தா கேட்டிருப்பாங்க. சரி, நானே சொல்றேன். காலைல கீழ் மாடி கிருமி லேப்லேருந்து ஒரு பேப்பர் வந்துச்சு. இதோ, இந்தப் பெட்டிக்கு அடியில வெச்சிருக்கேன். பத்து நாள் முன்னாடி கெட்டுப்போன தண்ணியில கொஞ்சம் எடுத்து, இது என்ன கிருமின்னு பாத்துச் சொல்லுங்கன்னு நானே அனுப்பினேன். எதுக்கு அனுப்பினேன்? புகாருக்குச் சேத்துக் குடுக்கலாம்னுதான். பாட்டில் சரியா வேகலன்னா என்ன கிருமி தப்பிக்கும்னு எனக்குத் தெரியும். சிலதுங்க விதை மாதிரி ஓடு கட்டிக்கிட்டுக் கிடக்கும், அரைச் சூட்டுல சாகாது. அது வந்துச்சுன்னா அண்ணன் மாட்டினாரு. எழுத்துப்பூர்வமா ஆதாரம்.

அது வரல.

வந்தது என்ன தெரியுமா? நீங்களே படிங்க... சரி, எழுத்து பொடிசா இருக்கு, நான் படிக்கறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவேரியஸ். இது சும்மா வெந்நீர் பட்டாலே செத்துடும், குக்கர் வரைக்கும் போகவே வேண்டாம். பாட்டில்ல இருந்து வந்திருக்க வழியே இல்ல. மண்ணுல இருக்காது, குழாய்த் தண்ணியில இருக்காது, அண்ணன் கையில கூட இருக்காது. மனுஷன் நாக்குலயும் தொண்டையிலயும் குடியிருக்கறது. பேர்லயே எச்சில் இருக்கு அக்கா.

முதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. எவ என் குடுவையில துப்பினான்னு. நெசமாவே அப்படித்தான் நெனைச்சேன். ரெண்டு பேரு மேல சந்தேகம் கூட பட்டேன், பேரு வேண்டாம். அப்புறம் காப்பி குடிக்கப் போனேன்... கப்பைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன், குடிக்கல.

அந்தக் கேபினெட் கண்ணாடி இருக்கே, அதை ஒரு சாண்தான் தூக்கணும். எனக்குத் தோள் வலிக்குதுன்னு ரெண்டு சாண் தூக்கிடுவேன். தூக்கினா தலையும் உள்ள போயிடும். மாஸ்க் போட்டுத்தான் இருப்பேன், இல்லேன்னு சொல்லல, ஆனா தாடைக்குக் கீழ. ஏன்னா... எங்கம்மாகிட்ட பேசிக்கிட்டு இருப்பேன். காதுல போன் ஒயரை மாட்டிக்கிட்டு. தினமும். ஆறு மணி நேரம் இல்ல, ஒரு ரெண்டு, ரெண்டரை மணி நேரம். அம்மா ஒண்ணும் பேச மாட்டாங்க, ம், ம்னு கேட்டுக்கிட்டே வீட்டு வேலை பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான்தான் பேசுவேன். எனக்குப் பேச ஆளு வேணாமா அக்கா? அந்தக் கண்ணாடிக்குள்ள உக்காந்து பாருங்க. ஒரு வார்த்தை பேசாம ஒரு நாள் உக்காந்து பாருங்க, சுவத்தோட பேச ஆரம்பிச்சுடுவீங்க. பெரியப்பாவைப் பத்தி, அத்தை முழங்காலைப் பத்தி, அண்ணனைப் பத்தி... ஆமா, அவரைப் பத்தியும்தான். அவரு பாட்டிலைக் கழுவற லட்சணத்தை அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே அதே பாட்டில்ல நான் எச்சில் தெளிச்சிருக்கேன். தவளை தன் வாயால கெடும்பாங்க. அது தான் மட்டும்தானே கெடும்? நான் இன்னொரு ஆளையும் சேத்து...

அந்த லீவு வாரம். வேற எதுவும் மாறலியாம்மான்னு சார் கேட்டாரே. மாறிச்சு. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஒரு வாரம் குரலே வரல. அம்மாவுக்கு மெசேஜ்தான் அனுப்பிக்கிட்டு இருந்தேன். இருமல் வருமோன்னு பயந்து மாஸ்க்கை ஒழுங்கா மூக்கு வரைக்கும் போட்டிருந்தேன். நோட்டுல எழுதியிருக்கேன், என் கையாலயே: தொண்டை சரியில்லை, வேலை மெதுவாக நடந்தது. கிராஃப் போட்டவளுக்கு அந்த வரி கண்ணுல படல. முதல் வருஷத்துப் பிள்ளைங்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கறேன் அக்கா, ரெண்டு விஷயம் சேந்து மாறினா எது காரணம்னு சொல்லக் கூடாதுன்னு. போர்டுல அடிக்கோடு போட்டுச் சொல்லியிருக்கேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. இதை அம்மாகிட்ட கூட சொல்லல. அண்ணன் எங்கிட்ட சொன்னாரு. மூணு தடவை. மாஸ்க்கை மேல ஏத்திக்க பாப்பான்னு, போற போக்குல, பாட்டிலை வைக்கறப்ப. முதல் ரெண்டு தடவை சிரிச்சேன். மூணாவது தடவை சார் இருந்தாரு, ரெண்டு ஜூனியருங்க இருந்தாங்க. எனக்குச் சுருக்குனு ஏறிடுச்சு. நீங்க கழுவற வேலையைப் பாருங்கண்ணா, நாங்க படிச்சுட்டுத்தான் வந்திருக்கோம்னு சொன்னேன். அவரு தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. புகார் எழுதினது அதுக்கு மறுநாள். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு அன்னையிலேருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். இருக்கு. நல்லாவே இருக்கு. வெக்கமா இருக்கு அக்கா.

இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? இந்தப் பேப்பர் என் பேருக்குத்தான் வந்திருக்கு. சாருக்குப் போகல. யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னா அந்த ஆறு மாசம் போச்சு. சார் தலை குனிவாரு, எனக்காகக் கையெழுத்துப் போட்டவரு. மறுபடியும் முதல் வருஷத்துப் பிள்ளைங்களோட உக்காந்து பயிற்சி எடுத்துட்டு வாம்பாங்க. நான் வகுப்பு எடுத்த பிள்ளைங்களோட. பெரியப்பாவுக்கு என்ன சொல்றது? நாளையிலேருந்து வாயைக் கட்டிக்கிட்டு வேலை பாத்தா குடுவை கெடாது, வேலை முடிஞ்சுடும், அப்புறம் மெதுவா, ஒரு வருஷம் கழிச்சு, அண்ணனை இங்க திரும்பக் கொண்டுவாங்கன்னு நானே ஒரு லெட்டர்... என்ன பாக்குறீங்க? உங்களுக்காகவும்தான் சொல்றேன். அவரு இங்க வந்தா நீங்க எங்க போவீங்க? அந்தத் தொள்ளாயிரம் எலிகிட்டதானே? இங்க உங்களுக்கு ஜன்னல் இருக்கு, உக்கார ஸ்டூல் இருக்கு. வந்த முத நாள் அந்த ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் நின்னீங்க, நான் பாத்தேன். நான் வாயைத் திறக்காம இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது. நமக்குள்ள இருக்கட்டும். ஒரு ஆளு கண்ணு வீங்கறதுக்கு மாத்திரை இருக்கு, சொட்டு மருந்து இருக்கு, நானே வாங்கிக் குடுக்கறேன்...

இல்ல, நான் பேசறது எனக்கே நல்லா இல்ல. கேக்குது.

அதோ, விளக்கு அணைஞ்சுடுச்சு. மணி ரெண்டே முக்கால். இப்ப உள்ள கை வெச்சா பாதியில எழுந்திரிக்கணும். வெச்சுட்டு, வேலையில இருந்தேன், வர முடியலன்னு சொல்லிடலாமா? கூட்டம் தள்ளிப் போகும். தள்ளித்தானே போகும், நடக்காம போகாது...

என்னக்கா, கையைத் துடைக்கறீங்க? கழுவி முடிச்சாச்சா? இன்னும் பாதி கிடக்கே. அந்தப் பெட்டியை எதுக்கு நகத்தறீங்க... அக்கா, அந்தப் பேப்பர் என்னுது. ஈரக் கையால எடுக்காதீங்க. எழுத்து பொடிசுன்னு நான்தான் படிச்சுக் காட்டிட்டேனே. எங்க போறீங்க? லிஃப்ட் இந்தப் பக்கம். அக்கா... படியில ஏறினா மேல் மாடி, அங்க டைரக்டர் ரூமைத் தவிர ஒண்ணும் இல்ல. அங்க உங்களை உக்காரக் கூட சொல்ல மாட்டாங்க. என்னான்னு சொல்லுவீங்க? ரெண்டு வாரமா மூணு கேள்வி கேட்ட ஆளு நீங்க. இதைக் குடுத்தா நாளைக்கே உங்களை அங்க திருப்பி அனுப்புவாங்க, தெரியுமா தெரியாதா?

தெரிஞ்சுதான் போறாங்க.

அக்கா, நில்லுங்க. ஓடாதீங்க, எனக்குக் கோட்டு தடுக்குது. புடுங்க வரல, நெசமா புடுங்க வரல. நீங்க குடுத்தா என்ன சொல்லுவாங்க, கழுவறவங்களுக்கு என்ன தெரியும்பாங்க. நான்தான் அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கி வெச்சிருக்கேனே. அதை எங்கிட்ட குடுங்க. நீங்க பக்கத்துல நின்னா போதும். நான் சொல்றேன்.